படத்தின் அடியில் இட்ட பெயர்

மருத்துவம் பயின்றோர் மருந்துப் பெட்டியோடு அமைவதே உலக வழக்கம். ஒரு சிலரே பிணியாளரைக் கவனித்த பொழுது போக எஞ்சிய வேளையில் இயற்கையின் எழிலைத் தாளில் பதிக்கும் பணியையும் மேற்கொண்டனர். தமிழகத்தில் அவ்வாறு இரு தொழில் புரிந்தவர் டாக்டர் ராபர்ட் வைட் ஆவார்.

1796-ல் ஸ்காட்லாந்தில் பிறந்து, எடின்பரோவில் மருத்துவம் கற்ற அவர், 1819-ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் உதவி மருத்துவராக இந்தியா வந்தார். 1826-ல் கம்பெனியார் அவரைச் சென்னையில் இயற்கை ஆராய்ச்சிப் பதவியில் அமர்த்தினர்; ஈராண்டில் அப்பதவியையே எடுத்துவிட்டனர். வைட் நாகப்பட்டினத்துக்குப் படை மருத்துவராகச் சென்றார். பதவி போயிற்று, ஆர்வம் போகவில்லை.

அவருக்கு முன்னரே ராக்ஸ்பரோ என்னும் மற்றொரு மருத்துவர், சோழமண்டலக் கரைச் செடிகளை நம் நாட்டு ஓவியரைக் கொண்டு வரைவித்தார். அவற்றுள் 300 படங்கள் 1795 முதல் 1820 வரை லண்டனில் நூலாக வெளிவந்தன. அது பெருஞ்செலவில் முடிந்த பணி. வைட் எளிய வழியொன்றைத் தேர்ந்தார். மெழுகும் கொழுப்பும் கலந்த மையால் கல்லின்மீது வரைந்து, கல்லை நீரால் நனைத்து, அச்சு மையைத் தடவினால், கோடுகள் மட்டுமே மையை ஏற்கும். இக்கல்லச்சு முறையை வைட் தாமே கற்று, 1838 முதல் சென்னையிலேயே படங்களை வெளியிட்டார். பின்னர்க் கோயம்புத்தூரில் பருத்தி ஆராய்ச்சிப் பொறுப்பு வந்தபோதும் இப்பணி நிற்கவில்லை. 1853-ல் அவர் தாயகம் திரும்புங்கால் வெளிவந்திருந்த படங்கள் 2464.

அவற்றுக்கு மூலம் வரைந்த கைகள் ரங்கையா, கோவிந்து என்னும் தெலுங்கு ஓவியர் இருவருடையவை. முதலில் ரங்கையாவும், அவருக்குப் பின் கோவிந்துவும் வைட்டிடம் பணியாற்றினர். இதழையும் சூலையும் விதையையும் தனித்தனியே பிரித்துக் காட்டிய நுண்மை அவர்களுடையது. வைட் அதனை மறைக்கவில்லை. படத்தின் அடியில் வரைந்தவர் பெயரைப் பொறித்தார். ஆர்க்கிட் பேரினம் ஒன்றுக்குக் கோவிந்துவின் பெயரையே சூட்டினார். பிற்கால அறிஞர் அச்செடியை வேறு பேரினத்தில் சேர்த்துவிட்டனர். எனினும் அவ்வோவியர் பெயர் அழியவில்லை.

அடியேன் புகைவண்டி அலுவலகத்தில் பதிவேடு எழுதிப் பிழைப்பவன். பொதியை அனுப்பியவர் பெயரும் பெறுபவர் பெயரும் ஏட்டில் ஏறும். சுமந்தவர் பெயர் ஏறுவதில்லை. ஆகவே, வைட் பொறித்த அச்சிறு எழுத்துகளை அவருடைய ஆராய்ச்சியினும் குறைந்தனவாக நான் கருதவில்லை.

ஃபீனிக்ஸ் பே துறையிலும் கப்பல் பட்டறையிலும் உழைத்த நம் முன்னோர் பலருடைய பெயர்கள் இன்று வீட்டுப் பெரியோர் நினைவில் மட்டுமே வாழ்கின்றன. அப்பெரியோர் இருக்கும்போதே கேட்டு எழுதி, இனிவரும் மலர்களில் ஒரு பக்கத்தையேனும் அப்பெயர்களுக்கு ஒதுக்குமாறு சங்கத்தாரை வேண்டுகிறேன். வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!