நிமிர்நிலை ஃப்ரீசர்: பழுதறிதலும் பழுதுநீக்கலும்

நிமிர்நிலை ஃப்ரீசர் என்பது பீரோ போல முன்பக்கம் கதவு திறக்கும் வீட்டு உறைபெட்டி. உள்வெப்பநிலை மைனஸ் 18 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்க வேண்டும். மேல்மூடி கொண்ட ஃப்ரீசரில் கனத்த குளிர்காற்று அடியிலேயே தங்கும். இதிலோ கதவைத் திறந்ததும் அது கீழ்வழியே வெளியேறி, அறையின் ஈரக்காற்று உள்ளே புகுகிறது. இவ்வகையின் பழுதுகள் பலவும் இந்த ஈரம் பனியாக உறைவதிலிருந்தே தொடங்குகின்றன.

குளிர்ச்சி குறைந்தால் ‘கேஸ் தீர்ந்துவிட்டது’ என்று முடிவுகட்டுவது பரவலான வழக்கம். மூடிய குழாய்ச் சுற்றில் ஓடும் கேஸ், கசிவு ஏற்படாமல் குறையாது. ஆகவே முதலில் மின்னழுத்தம், தெர்மோஸ்டாட், கதவின் ரப்பர் கேஸ்கெட் ஆகியவற்றைப் பார்த்துவிட வேண்டும். கதவிடுக்கில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்தால் இறுக்கம் தெரிய வேண்டும். தாள் வழுக்கிக்கொண்டு வந்தால் அங்கே காற்று புகுகிறது. நெளிந்த கேஸ்கெட்டை வெந்நீரில் நனைத்த துணியால் ஒற்றி நிமிர்த்தலாம். கிழிந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும்.

பனி தானாக உருகும் மாடலில் அடுத்துப் பார்க்க வேண்டியது உட்புறப் பின்பலகைக்குள் இருக்கும் குளிர்க்காயில். பிளக்கைக் கழற்றிவிட்டே பலகையைத் திறக்க வேண்டும். காயில் முழுவதும் சீரான மெல்லிய வெண்படலம் இருந்தால் குளிரூட்டும் சுற்றில் கோளாறில்லை, விசிறியைச் சோதிக்கலாம். தகடுகளே தெரியாமல் பனி அடைத்திருந்தால் உருக்கும் அமைப்பு வேலை செய்யவில்லை. கேஸ் நுழையும் முனையில் மட்டும் பனி பூத்து, மிச்சம் வெறுமையாக இருந்தால்தான் கசிவையோ நுண்குழாய் அடைப்பையோ சந்தேகிக்க இடமுண்டு.

உருக்கும் அமைப்பில் ஹீட்டர், டைமர், பைமெட்டல் ஆகிய மூன்றும் அடங்கும். புதிய மாடல்களில் டைமரின் வேலையை எலெக்ட்ரானிக் போர்டு செய்கிறது. மல்டிமீட்டரில் தொடர்ச்சி காட்டாத ஹீட்டர் எரிந்துபோனது. பைமெட்டலை அப்படிச் சோதிக்க முடியாது. அது குளிரில் இணைந்து சூட்டில் பிரியும் சுவிட்ச் என்பதால் அறை வெப்பத்தில் தொடர்ச்சி காட்டாது. இது தெரியாமல் நல்ல பைமெட்டலைத் தூக்கி எறிபவர்கள் உண்டு. உப்புக் கலந்த ஐஸில் சிறிது நேரம் வைத்தெடுத்துச் சோதிப்பதே சரி. அடித்தட்டில் பனிப்பாளம் கட்டினால் வடிகால் துளை அடைத்திருக்கும். வெதுவெதுப்பான நீர் ஊற்றினால் பெரும்பாலும் திறந்துகொள்ளும்.

கையால் பனி நீக்கும் மாடல்கள் பலவற்றில் தட்டுகளுக்குள்ளேயே குளிர்க்குழாய் ஓடுகிறது. கத்தியால் பனியைக் கொத்தினால் குழாயில் ஓட்டை விழும். மின்சாரத்தை நிறுத்தி, கதவைத் திறந்து வைத்து, பனி தானாக உருக விடுவதே நல்லது.

கம்ப்ரஸர் ஓடாமல் சில நிமிடங்களுக்கொரு முறை ‘டிக்’ ஒலி கேட்டால் ரிலே, ஓவர்லோடு, கெபாசிட்டர் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். குறைந்த மின்னழுத்தத்திலும் இவ்வாறு நேரும். ரிலேயைக் கழற்றிக் குலுக்கும்போது உள்ளே உடைந்த துண்டு கலகலத்தால் அது போய்விட்டது. இவை விலை குறைந்த பாகங்கள். கம்ப்ரஸரின் சுருளே எரிந்திருந்தால் செலவு வேறு கணக்கு.

குழாய்ச் சுற்றைத் திறக்கும் வேலை பயிற்சி பெற்ற மெக்கானிக்குக்கே உரியது. இப்போது பரவலாகப் பயன்படும் ஆர்-600ஏ என்னும் ஐசோபியூட்டேன் எளிதில் தீப்பற்றும். ஓடும்போது அதன் தாழ்அழுத்தப் பகுதி வளிமண்டல அழுத்தத்துக்கும் கீழே இருப்பதால், அங்கே கசிவு இருந்தால் வெளிக்காற்றும் ஈரமும் உள்ளே இழுக்கப்படும். எனவே கசிவை அடைத்து, ஃபில்டரை மாற்றி, வெற்றிடமாக்கி, லேபிளில் உள்ள எடைக்குக் கேஸை அளந்து நிரப்ப வேண்டும். கசிவைத் தேடாமல் கேஸை மட்டும் ஏற்றினால் பழுது திரும்பிவிடும்.

வேலை நடக்கும்போது உணவுப் பொருள்களையும் கவனிக்க வேண்டும். கதவைத் திறக்காமல் இருந்தால், நிறைந்த ஃப்ரீசர் சுமார் 48 மணி நேரமும் பாதி நிறைந்தது சுமார் 24 மணி நேரமும் குளிரைத் தாங்கும். பின்பலகையைத் திறக்க நேர்ந்தால் அவற்றை முன்னதாகவே ஐஸ் பெட்டிக்கு மாற்றிவிட வேண்டும்.