தமிழ்க் கணினி அச்சுக்கோப்பும் இயங்குதளங்களும்

தமிழ்க் கணினி அச்சுக்கோப்பு என்பது நூல், இதழ், அழைப்பிதழ், சுவரொட்டி முதலியவற்றின் பக்கங்களைக் கணினியில் வடிவமைத்து அச்சுக்கு அனுப்பும் தொழில் ஆகும். பேச்சு வழக்கில் இது டி.டி.பி. எனப்படுகிறது. சென்னை, சிவகாசி, மதுரை உள்ளிட்ட பல நகரங்களில் இத்தொழில் நடைபெறுகிறது. இதற்கு விண்டோஸ், மாக் ஓஎஸ், லினக்ஸ் ஆகிய இயங்குதளங்கள் பயன்படுகின்றன. பொதுவாக ஓர் இயங்குதளத்தின் நம்பகத்தன்மை, அது இடையில் முடங்காமல் இயங்குவதைக் கொண்டு அளக்கப்படுகிறது. தமிழ் அச்சுக்கோப்பில் இன்னோர் அளவையும் உண்டு: ஒரு கணினியில் தட்டெழுதிய உரை வேறொரு கணினியிலும், பல ஆண்டுகள் கழித்தும், எழுத்துச் சிதைவின்றித் திறக்கப்பட வேண்டும்.

தொழினுட்பப் பின்னணி

தமிழில் எகர, ஏகார, ஐகாரக் குறிகள் மெய்க்கு முன்னரும், ஒகர, ஓகார, ஔகாரக் குறிகள் மெய்யின் இருபுறமும் எழுதப்படுகின்றன. ஒருங்குறியில் உரை ஒலிப்பு வரிசையில் சேமிக்கப்படுகிறது. "கொ" என்பதில் முதலில் ககரமும் அடுத்து ஒகரக் குறியும் சேமிக்கப்படும். திரையிலும் தாளிலும் இவற்றை உரிய இடத்தில் அமைப்பது எழுத்து வடிவமைப்புப் பொறி எனப்படும் மென்பொருட் பகுதியாகும். அது இல்லாத மென்பொருளில் கொம்பு இடம்மாறி நிற்கும்.

பழைய 8-பிட் எழுத்துருக்களில் கொம்பும் துணைக்காலும் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே சேமிக்கப்பட்டதால் இச்சிக்கல் எழவில்லை. ஆயினும் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கெனக் குறிமுறை வைத்திருந்தது. ஸ்ரீலிபி எழுத்துருவில் அமைத்த உரை வானவில் எழுத்துருவில் பொருளற்ற எழுத்துக்குவியலாகத் தெரியும். இதனைத் தீர்க்க, 1999 இல் சென்னையில் நடந்த தமிழ்நெட்'99 மாநாட்டையொட்டி டாம், டாப் ஆகிய பொதுக் குறிமுறைகள் உருவாயின. இணையத் தமிழர்கள் திஸ்கி குறிமுறையை உருவாக்கினர். திஸ்கியில் "இ" எழுத்து 173 ஆம் இடத்தில் இருந்தது. இலத்தீன் குறிமுறையில் அவ்விடம் மறைவான இணைப்புக்கோட்டுக்கு உரியது என்பதால் சில மென்பொருள்களில் "இ" காணாமற் போயிற்று. திஸ்கி 1.7 இல் அது 254 ஆம் இடத்திலும் வைக்கப்பட்டது.

விண்டோஸ்

2000 ஆம் ஆண்டு வெளியான விண்டோஸ் 2000, லதா எழுத்துருவுடன் ஒருங்குறித் தமிழை ஆதரித்தது. எனினும் அச்சுத்தொழிலில் பேஜ்மேக்கரும் 8-பிட் எழுத்துருக்களும் நெடுங்காலம் நிலைத்தன. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7.0, 2001 இல் வெளியானது. விண்டோஸ் எக்ஸ்பிக்கான பாதுகாப்பு இற்றைப்படுத்தல்கள் 2014 ஏப்ரலில் பொதுப் பயனர்களுக்கு நிறுத்தப்பட்டன.

மாக் ஓஎஸ்

பேஜ்மேக்கர் 1985 இல் முதலில் மாக் கணினிக்கே வெளியானது. 2005 இல் வந்த மாக் ஓஎஸ் எக்ஸ் 10.4 பதிப்பில், மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன் உருவாக்கிய இணைமதி எழுத்துரு சேர்க்கப்பட்டது. ஆப்பிள் தனக்கென ஏ.ஏ.டி. என்னும் எழுத்துரு விதிமுறையைக் கொண்டிருந்தது. அவ்விதிகள் மட்டும் உள்ள எழுத்துரு, ஓப்பன்டைப் விதிகளை எதிர்பார்க்கும் மென்பொருள்களில் சரியாக அமையாது. மேலும் பேஜ்மேக்கர், மாக் ஓஎஸ் எக்சில் கிளாசிக் சூழல் வழியாகவே இயங்கியது. 2007 இல் வந்த 10.5 பதிப்பில் அச்சூழல் நீக்கப்பட்டது.

லினக்ஸ்

லினக்சில் பாங்கோ, ஆர்ஃப்பஸ் ஆகிய கட்டற்ற நிரற்றொகுதிகள் தமிழை அமைக்கின்றன. இவற்றின் துணையால் கிம்ப், இங்க்ஸ்கேப் ஆகியவற்றில் ஒருங்குறித் தமிழ் முறையாக அமைகிறது. பக்க வடிவமைப்புக்கான ஸ்கிரைபஸ், 2024 இல் வந்த 1.6 நிலைப்பதிப்பில் இத்திறனைப் பெற்றது. இன்டிசைன் லினக்சுக்கு வெளியிடப்படாததால், அச்சகங்களுடன் திருத்தக்கூடிய கோப்புகளைப் பரிமாறுவது கடினம்.

பயன்பாட்டு மென்பொருளின் பங்கு

இன்டிசைன் போன்றவை இயங்குதளத்தின் பொறியை விடுத்துத் தமக்குரிய பொறியைப் பயன்படுத்துகின்றன. எனவே விண்டோசும் மாக்கும் தமிழை ஆதரித்த பின்னரும் அச்சுத்தொழிலுக்கு அதனால் உடனே பயன் விளையவில்லை. இத்தகைய இடங்களுக்காகத் தமிழ்நாடு அரசு 2010 சூனில் ஒருங்குறியுடன் டேஸ்16 குறிமுறையையும் தரமாக அறிவித்தது. இதில் ஒவ்வோர் உயிர்மெய்க்கும் தனி இடம் உள்ளதால் வரிசை மாற்றம் தேவையில்லை. 2012 இல் வெளியான இன்டிசைன் சிஎஸ்6 தமிழ் உள்ளிட்ட பத்து இந்திய மொழிகளை ஆதரித்தது.

பழைய கோப்புகளின் நிலை

பேஜ்மேக்கர் கோப்புகளை இன்டிசைன் சிஎஸ்6 வரையிலான பதிப்புகளே திறக்கும். டைப் 1 வகை எழுத்துருக்களுக்கான ஆதரவை அடோபி 2023 சனவரியில் நிறுத்தியது. எழுத்துரு உட்பொதிந்த பி.டி.எஃப். கோப்பு பக்கத்தின் தோற்றத்தைக் காக்கும். ஆனால் 8-பிட் உரையை அதிலிருந்து நகலெடுத்தால் தமிழ் கிடைக்காது; குறிமாற்றியின் துணை வேண்டும். குறிமுறை அட்டவணையும் எழுத்துருவும் கிடைக்காதபோது நூலை மீண்டும் தட்டெழுத நேரிடும்.

இதற்கு மாறான எடுத்துக்காட்டு, மதுரையின் பெயரைத் தாங்கி 1998 பொங்கல் நாளில் தொடங்கப்பட்ட மதுரை தமிழ் இலக்கிய மின்தொகுப்புத் திட்டம். திஸ்கியின் அட்டவணை யாவருக்கும் வெளிப்படையாக இருந்தமையால், அக்குறிமுறையில் அமைந்த அதன் நூல்கள் பின்னர் ஒருங்குறிக்கு மாற்றப்பட்டன. அவற்றை இன்று மூன்று இயங்குதளங்களிலும் படிக்க இயலும்.