மூன்று மாதத்துக்குள் சொல்லவும்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும்போது இருபது கொண்டை ஊசி வளைவுகள். கூட வந்த ஆபீஸ் நண்பர்கள் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு வந்தார்கள். நான் சாலையோரப் பலகைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 'காப்புக்காடு.' யாரிடமிருந்து யாருக்காகக் காப்பு என்று அதில் எழுதியிருக்காது.

மேலே ஒரு டீக்கடையில் மலைக்கார பெரியவர் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். "இந்தக் காடெல்லாம் எப்பங்கய்யா ஃபாரஸ்ட்டுக்குப் போச்சு?"

"அது வெள்ளக்காரன் காலம் தம்பி. யாரும் வந்து கேட்டதா எங்க பெருசுங்க சொல்லலை."

அந்த ஒரு வாக்கியம் என்னை விடவில்லை. ஊருக்குத் திரும்பி சட்டத்தை எடுத்துப் படித்தபோது தெரிந்தது, அரசு கேட்டிருக்கிறது. குறைந்தபட்சம் கேட்க வேண்டும் என்று சட்டம் எழுதியிருக்கிறது. பெரியவர் சொன்னதும் பொய்யில்லை. இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும் என்பதுதான் இந்தக் கட்டுரை.

சேர்வராயன் மலையின் பழங்குடிகள் மலையாளிகள். கேரளத்துக்காரர்கள் இல்லை, மலையை ஆள்கிறவர்கள் என்ற பொருளில். சேலம் நாடு, மோகநாடு, முட்டநாடு என்று மூன்று நாடுகளாக மலையைப் பிரித்து வாழ்ந்தவர்கள். 1820களில் கலெக்டர் காக்பர்ன் காப்பியைக் கொண்டுவந்தார். எஸ்டேட்டுகள் பரவின. அடுத்ததாக அரசாங்கத்தின் பார்வை மிச்சமிருந்த காட்டின் மேல் விழுந்தது. ரயிலுக்கு ஸ்லீப்பர் கட்டைகளும் விறகும் வேண்டியிருந்த காலம் அது.

இங்கே வரலாற்றில் ஒரு சுவாரசியமான திருப்பம் உண்டு. காட்டுச் சட்டம் கொண்டுவரும் யோசனை வந்தபோது, சென்னை மாகாண ரெவின்யூ போர்டு அதை எதிர்த்தது. 1871 ஆகஸ்டில் போர்டு சொன்னதன் சாரம்: இந்த மாகாணத்தில் ஏதோ ஓர் ஊரின் எல்லைக்குள் வராத காடு அரிது, தேக்கு, சந்தனம் போன்றவற்றுக்கு வாங்கும் பங்கைத் தவிர அரசு அங்கே சொத்துரிமை கொண்டாடியதாகத் தெரியவில்லை. நெல்லூர் டெபுடி கலெக்டர் நாராயண ராவும் இதே பக்கம் நின்றார். காடு ஆதியிலிருந்தே ஊராரின் பொதுச்சொத்து என்பது அவர் வாதம். 1878-இல் இந்திய வனச்சட்டம் வந்தபோதும் சென்னை மாகாணம் அதற்கு வெளியேதான் இருந்தது.

ஆனால் கருத்துக் கேட்பது வேறு, கேட்ட கருத்துக்குக் கட்டுப்படுவது வேறு. இந்திய வனத்துறையின் முதல் இன்ஸ்பெக்டர் ஜெனரலான டீட்ரிக் பிராண்டிஸ் சென்னைக்கு வந்தார். 1882-இல் சென்னை வனச்சட்டம் பிறந்தது. இன்றும் தமிழ்நாடு வனச்சட்டம் என்ற பெயரில் நடைமுறையில் இருப்பது அதுதான்.

அதன் வேலைமுறை இப்படி. ஒரு நிலத்தைக் காப்புக்காடாக்கப் போகிறோம் என்று அரசு அறிவிக்கும். ஃபாரஸ்ட் செட்டில்மெண்ட் ஆபீசர் என்று ஒருவரை நியமிக்கும். அவர் மாவட்ட கெசட்டிலும், தாலுகா தலைமையிடத்திலும், சுற்றுவட்ட ஊர்களிலும் பிரகடனம் வெளியிடுவார். உரிமை இருப்பவர்கள் எழுதித் தரலாம், நேரில் வந்தும் சொல்லலாம். அதற்கு மூன்று மாதத்துக்குக் குறையாத அவகாசம். சொல்லப்படாத உரிமை, காப்புக்காடு என்று அறிவிக்கும் நாளில் அழிந்துபோகும்.

சாஃப்ட்வேர்காரனுக்கு இது பழக்கமான விஷயம். எந்த ஃபார்மிலும் முக்கியமான முடிவு டீஃபால்ட் மதிப்புதான். பயனர் எதையுமே தொடாமல் விட்டால் என்ன ஆகும்? 'மார்க்கெட்டிங் மெயில் வேண்டும்' என்ற பெட்டியில் முன்கூட்டியே டிக் போட்டு வைத்தால், பாதிப்பேர் கவனிக்காமலே சம்மதித்துவிடுவார்கள். 1882 சட்டத்தின் டீஃபால்ட், மௌனம் என்றால் உரிமை இல்லை. விறகு பொறுக்குவதையும் ஆடு மேய்ப்பதையும் ஓர் உரிமை என்று நினைத்தே பார்த்திராத மனிதரிடம், 'உன் உரிமையை மூன்று மாதத்துக்குள் சொல்' என்று கேட்டால் அவர் என்ன சொல்வார்? மூச்சு விடுவதற்கு யாராவது மனு எழுதுவார்களா?

கேட்கும் சடங்கு நடந்தது. கேட்கப்பட்டவர்களின் நினைவில் அது பதியவே இல்லை. பெரியவரின் வாக்கியத்தை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன்.

அடுத்த நூற்றாண்டில் காட்டுக்குக் கீழே இருந்த மண்ணுக்கு விலை வந்தது. மேட்டூர் அலுமினிய ஆலைக்காக மால்கோ நிறுவனம் சேர்வராயன் மலையிலும் கொல்லிமலையிலும் பல ஆண்டுகள் பாக்சைட் வெட்டியது. சுரங்கம் போன்ற திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் கட்டாயம் என்ற விதி 1997-இல்தான் வந்தது. 2006 அறிவிக்கை அந்தக் கூட்டத்துக்கு 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்றது. 2020 வரைவு அதை 20 நாளாகச் சுருக்கப் பார்த்தது. அந்த வரைவு மீதே கருத்துச் சொல்ல வேண்டுமென்றால் முதலில் ஆங்கிலமோ இந்தியோ தெரிந்திருக்க வேண்டும். எட்டாவது அட்டவணை மொழிகள் எல்லாவற்றிலும் மொழிபெயர்த்து வெளியிடச் சொல்லி டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது.

மௌனத்தின் அர்த்தத்தை மாற்றிப் போட்ட சட்டம் 2006 வன உரிமைச் சட்டம். அதன் 2008 விதிகளைப் படித்தபோது சிரிப்பு வந்துவிட்டது. அதிலும் மூன்று மாதம்! ஆனால் மற்றதெல்லாம் தலைகீழ். உரிமைக் கோரிக்கைகளை அழைப்பது ஆபீசர் அல்ல, கிராம சபை. மூன்று மாதம் போதவில்லை என்றால் கிராம சபையே காரணம் எழுதி நீட்டிக்கலாம். ஆவணம் இல்லையா? ஊர்ப் பெரியவர்களின் வாய்மொழியை எழுதி வைத்தால் அதுவும் சான்று.

இதற்குப் பல் உண்டு என்பதை ஒடிசாவின் நியம்கிரி காட்டியது. அங்கேயும் பாக்சைட்தான். 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கிராம சபைகளைக் கேட்கச் சொன்னது. 12 கிராம சபைகள் கூடின. பன்னிரண்டும் வேண்டாம் என்றன. சுரங்கம் வரவில்லை.

தமிழ்நாட்டின் கதை மந்தமானது. உரிமைப் பட்டா கொடுக்கும் முன் தன் அனுமதி வேண்டும் என்று 2008-இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. 2016-இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கும்வரை எட்டு வருஷம் ஓடிவிட்டது. 1882-இல் மலைவாசிக்கு மூன்று மாதம் கொடுத்த அமைப்பு, தனக்கு எட்டு வருஷம் எடுத்துக்கொண்டது.

போன மாதம் மறுபடி ஏற்காடு போனேன். அதே டீக்கடை, அதே பெரியவர். 1882 சட்டம், மூன்று மாதம், பிரகடனம் எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதை எங்க தம்பி ஒட்டுனாங்க?" என்றார்.

"தாலுகா ஆபீஸ்ல. சுத்துப்பட்டு ஊர்லயும் ஒட்டணும்னு இருக்கு."

"எங்க பாட்டனுக்குப் படிக்கத் தெரியாதே."

பிறகு வன உரிமை விதிகளைப் பற்றிச் சொன்னேன். "நீங்க வாயால சொல்றதை எழுதி வச்சா அதுவே சாட்சிங்கய்யா."

அவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "அப்படியா? நான் சொல்றதா?" என்று இரண்டு முறை கேட்டார். அடுத்த கிராம சபை எப்போது என்று விசாரித்தார். தெரிந்த தேதியைச் சொன்னேன். கடைக்காரப் பையனைக் கூப்பிட்டு அதைக் காலண்டரில் குறித்து வைக்கச் சொன்னார்.