உறைக்குச் சரி, வீட்டுக்கு ஏன் வேண்டாம்?

இன்னைக்கு எபிசோட் 'ரெடிமேட் வீடு' பத்தி. சுவர், தளம், படிக்கட்டு எல்லாத்தையும் வேற இடத்துல வார்த்து, லாரியில கொண்டுவந்து, கிரேன் வச்சுப் பொருத்துற முறை. ப்ரீகாஸ்ட்னு சொல்வாங்க.

மணலி புதுநகர்ல வீடு கட்டுற மேஸ்திரிகள் சிலர்கிட்ட பேச்சுக் கொடுத்தேன். "அதெல்லாம் நமக்குச் சரிப்பட்டு வராது சார்" என்பதுதான் பதில். அப்படிச் சொன்ன ஒருத்தர் அந்த நேரத்துல செப்டிக் டேங்குக்கு சிமெண்ட் உறை இறக்கிக்கிட்டு இருந்தார். எதிர் மனையில ரெடிமேட் காம்பவுண்ட் சுவர். ரெண்டுமே ப்ரீகாஸ்ட்தான். கீழடியில கிடைச்ச சுடுமண் உறைகிணறுகூட அதே யோசனைதானே! ஆக, பயம் பொருள் மேல இல்லை.

வடசென்னைக்கு இது புதுசும் இல்லை. ராயபுரத்துக்குத் தெற்கே மெட்ராஸ் துறைமுகத்துக்கு 1875-ல் அடிக்கல் நாட்டினார்கள். வில்லியம் பார்க்ஸ் என்ற இன்ஜினியரின் திட்டம். கான்கிரீட் கட்டிகளைக் கரையில வார்த்து, இறுகவிட்டு, 'டைட்டன்' கிரேன்ல தூக்கிக் கடல்ல அடுக்கினாங்க. வேலை முடியப்போற நேரத்துல, 1881 நவம்பர் புயல் அலைதாங்கிச் சுவர்களை உடைச்சுப் போட்டுடுச்சு. திரும்பவும் கட்டினாங்க. துறைமுகத்துக்கு வேற வழி இல்லை.

வீட்டுக் கதை வேற மாதிரி போச்சு. பிரிவினை அகதிகளுக்கு வீடு வேணும்னு, நேரு காலத்துல 1948-ல் டெல்லியில் அரசு வீட்டுத் தொழிற்சாலை தொடங்கப்பட்டது. ஜெர்மனியிலிருந்து வந்த கட்டடக்கலைஞர் ஓட்டோ கோனிக்ஸ்பெர்கர் அதுக்காக வாதாடினவர். ஆனா அந்த லேசான கான்கிரீட் பலகைகள் விரிசல் விட்டன. எதிர்ப்பு கிளம்ப, 1951-ல் அவர் பதவியை விட்டு விலகினார். தொழிற்சாலை 1953-ல் கம்பெனியாச்சு. 1978-ல் 'இந்துஸ்தான் ப்ரீஃபேப்' ஆனது. 1968-ல் லண்டன்ல ரோனன் பாயிண்ட் என்ற 22 மாடி ப்ரீகாஸ்ட் குடியிருப்பின் ஒரு மூலை, காஸ் வெடிப்பில் சீட்டுக்கட்டு மாதிரி சரிஞ்சு 4 பேர் இறந்தாங்க. பலகையை விட இணைப்புதான் பலவீனம்னு அதுல தெரிஞ்சது.

வரியும் உதவல. தொழிற்சாலையில வார்த்தா கலால் வரி, சைட்லயே வார்த்தா விலக்கு என்ற நிலை பல காலம் இருந்தது. பில்டர் எதைத் தேர்ந்தெடுப்பார்?

இப்போ நிலைமை மாறுது. பெரும்பாக்கத்துல 1,152 வீடுகளை ப்ரீகாஸ்ட் முறையில கட்டினாங்க. அடிக்கல் 2021 ஜனவரி 1, திறப்பு 2022 மே 26. நடுவுல கொரோனா இரண்டாம் அலை வேற. மெட்ரோ பாலங்களும் இப்படித்தான் ஏறுது.

ஆனா பெரும்பாக்கத்தைக் காட்டி மணலி புதுநகர் மேஸ்திரியைப் பழமைவாதின்னு சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன். அங்க ஒரே முதலாளி, ஒரே டிசைன், மொத்தப் பணமும் கையில. இங்க எம்.எம்.டி.ஏ பிரிச்சுக் கொடுத்த மனைகள். சீட்டு எடுத்தா ஒரு ரூம், பையனுக்கு வேலை கிடைச்சா மாடி. தூண் மேல நீட்டிக்கிட்டு நிக்கிற கம்பிகளைப் பார்த்திருப்பீங்க. அடுத்த தளத்துக்கான கம்பி அது. ப்ரீகாஸ்ட் கேக்கறது முழு வீட்டையும், முழுப் பணத்தையும் ஒரே நேரத்துல. கிரேன் நுழையத் தெருவும் வேணும்.

இன்னொன்று, தண்ணி. 2015-லயும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்லயும் இந்தப் பகுதி மூழ்கிச்சு. அதுக்கப்புறம் தரையை உசத்தின ஒரு அம்மா என்னைக் கேட்டாங்க: "நாளைக்கு வாசக்காலைத் தூக்கணும், சுவத்த இடிக்கணும்னா உங்க கம்பெனி ஆளு வருவானா? என் மேஸ்திரி போன் பண்ணா வருவாரு."

எண்ணூர்ப் பக்கம் ஏதாவது ஒரு யார்டுல, ரெண்டு தூணையும் ஒரு ரூமுக்கான தளத்தையும் உறை மாதிரி சில்லறையா வித்து, பொருத்தற வேலையை அந்த மேஸ்திரிக்கே கத்துக்கொடுத்தா அவர் என்ன சொல்வார்னு பார்க்க எனக்கு ஆசை.