டிஸ்கோ யுகம்

டிஸ்கோ என்பது 1970களில் அமெரிக்காவின் நியூயார்க், ஃபிலடெல்ஃபியா நகரங்களில் உருப்பெற்று, அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் உலகமெங்கும் பரவிய நடன இசை. அந்த இசை ஒலித்த இரவு விடுதி, அங்கே உடுத்திய உடை, ஆடிய ஆட்டம், தலைக்கு மேலே சுழன்ற கண்ணாடி உருண்டை என எல்லாவற்றையும் சேர்த்தே டிஸ்கோ என்கிறோம். இசைத்தட்டுகள் சேர்த்துவைக்கும் இடத்தைக் குறிக்கும் ‘டிஸ்கோதெக்’ என்ற பிரெஞ்சுச் சொல்லின் சுருக்கம் அது. மேடையில் வாத்தியக் குழு இல்லாமல், இசைத்தட்டைச் சுழலவிட்டு ஆடும் விடுதிகளுக்கு அந்தச் சொல் ஆகிவந்தது.

மினுக்கும் ஜிகினாவும் பின்னால் வந்தவை. வேறெங்கும் கதவு திறக்கப்படாதவர்கள் தமக்கென்று திறந்துகொண்ட கூடங்களில்தான் டிஸ்கோ பிறந்தது. கறுப்பினத்தவர், போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்தவர்கள், தன்பால் ஈர்ப்பாளர்கள் ஆகியோரே அதன் முதல் ஆட்டக்காரர்கள். இரண்டு ஆண்கள் சேர்ந்து ஆடினாலே போலீஸ் தொல்லை என்ற நிலை அன்று நியூயார்க்கில் இருந்தது. 1969 ஜூன் இறுதியில் ஸ்டோன்வால் மதுக்கூடத்தில் போலீஸ் சோதனையை எதிர்த்துக் கலகம் வெடித்த பிறகே அந்தப் பிடி மெல்லத் தளர்ந்தது. அடுத்த ஆண்டு காதலர் தினத்தன்று டேவிட் மான்குசோ என்பவர், பிராட்வே 647ஆம் எண் கட்டிடத்தில் தாம் குடியிருந்த விசாலமான தளத்தில் நண்பர்களை அழைத்து ஆடவைத்தார். ‘லாஃப்ட்’ என்று பெயர் பெற்ற அந்த விருந்துகளுக்கு அழைப்பு உள்ளவர்கள் மட்டுமே வரலாம். மது விற்பனை கிடையாது. பணத்தையும் கவனத்தையும் அவர் ஒலிபெருக்கிகள்மேல் கொட்டினார். அதே காலத்தில், முன்பு தேவாலயமாக இருந்து ‘சாங்க்சுவரி’ என்ற விடுதியாக மாறிய இடத்தில் ஃபிரான்சிஸ் கிராஸோ ஒரு தட்டின் தாளத்தோடு அடுத்த தட்டின் தாளத்தை இழைத்து, இடைவெளியே தெரியாமல் பாட்டை மாற்றும் வித்தையைச் செய்து காட்டினார். இன்று எந்த ஊர்க் கல்யாண வரவேற்பில் டிஜே மேசை போட்டாலும் அதன் பாலபாடம் இதுதான்.

இசை

நாலு அடிக்கும் பெரிய டிரம் ஒரே சீராக விழும். நிமிடத்துக்குச் சுமார் 120 அடி. லய நுணுக்கம் பழகிய காதுக்கு இது வெறும் இடிப்பாகத் தோன்றலாம். ஆனால் ஆடும் காலுக்கு அந்த நிச்சயம் வேண்டும். நுணுக்கமெல்லாம் அதற்கு மேல் அடுக்கில் நடக்கிறது: அடிகளுக்கு நடுவே சீறும் ஹை-ஹாட் தாளத்தட்டு, ஓடிப் பிடித்து விளையாடும் பாஸ் கிட்டார், வயலின் கூட்டம், எக்காளங்கள், தேவாலயத்தில் பாடிப் பழகிய குரல். இந்த அடுக்கை அமைத்த பெருமையில் பெரும்பங்கு ஃபிலடெல்ஃபியாவின் டிரம்ஸ் கலைஞர் ஏர்ல் யங்குக்கு உரியது. 1973இல் ஹெரால்ட் மெல்வின் குழுவின் ‘தி லவ் ஐ லாஸ்ட்’ பாட்டில் அவர் வாசித்த விதமே பின்னர் டிஸ்கோ தாளமாக நிலைத்தது. கென்னத் கேம்பிள், லியான் ஹஃப் இருவரும் 1971இல் அங்கே தொடங்கிய இசைத்தட்டு நிறுவனம் அந்த ஒலியை ஊரறியச் செய்தது. 1974இல் ஜார்ஜ் மெக்ரேயின் ‘ராக் யுவர் பேபி’, ஹியூஸ் கார்ப்பரேஷனின் ‘ராக் தி போட்’ இரண்டும் அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்தன. ஆடும் கூடங்களில் ஒரு பாட்டு பிழைத்துவிட்டால் வானொலி தானாகப் பின்னால் வரும் என்று நிறுவனங்களுக்குப் புரிந்தது.

சிக்கல் ஒன்று இருந்தது. மூன்று நிமிடத்தில் பாட்டு முடிந்துவிடும். ஆட்டமோ அப்போதுதான் சூடு பிடிக்கும். டாம் மோல்ட்டன் ஒலிநாடாவை வெட்டி ஒட்டி, நடுவே தாளத்தை மட்டும் தனியாக ஓடவிட்டு, பாட்டுகளை நீட்டினார். ஒருநாள் வழக்கமான ஏழு அங்குல வெற்றுத்தட்டு கையிருப்பில் இல்லாமல் பெரிய தட்டில் ஒரே பாட்டைப் பதியப்போக, வரிப்பள்ளங்கள் அகன்று ஒலி கனமாக எழுந்தது. பாஸ் நெஞ்சில் இடித்தது. அந்தத் தற்செயலிலிருந்து வந்ததுதான் பன்னிரண்டு அங்குல ஒற்றைத் தட்டு. வால்டர் கிப்பன்ஸ் நீட்டியமைத்த ‘டென் பர்சென்ட்’ 1976இல் அந்த வடிவத்தில் கடைக்கு வந்தது.

ஜெர்மனியின் மியூனிக் நகரத்தில் ஜார்ஜியோ மோரோடர் வேறு வழியில் போனார். டோனா சம்மர் பாடிய ‘லவ் டு லவ் யூ பேபி’ (1975) ஒரு பக்கம் முழுக்க, பதினேழு நிமிடம்வரை நீள்கிறது. 1977இன் ‘ஐ ஃபீல் லவ்’ பாட்டில் குரலையும் பெரிய டிரம்மையும் தவிர ஏறக்குறைய எல்லாமே சிந்தசைசர். டிஸ்கோவில் ஒரே ஒரு பாட்டுதான் கேட்க நேரமிருக்கிறது என்பவருக்கு இதையே சொல்லலாம்.

உடை

விளக்கில் மின்ன வேண்டும், ஆட்டத்துக்கு இசைய வேண்டும்; இந்த இரண்டு தேவைகள்தான் டிஸ்கோ உடையைத் தீர்மானித்தன. சமிக்கி தைத்த சட்டை, ஜரிகைபோல் மினுக்கும் லூரெக்ஸ் துணி, உடம்போடு ஒட்டிய பாலியஸ்டர், பெல்பாட்டம், தடித்த அடிப்பாகம் கொண்ட காலணி என்று அதன் பட்டியல் நம்மூர்ப் பழைய ஸ்டூடியோப் புகைப்படங்களிலும் பாதி காணக் கிடைக்கும். உயர்மட்டத்தில் ஹால்ஸ்டன் நேர்த்தியான, தோளிலிருந்து வழிந்து விழும் உடைகளைத் தந்தார். டயான் வான் ஃபர்ஸ்டென்பர்க் 1974இல் கொண்டுவந்த சுற்றுடையில் பொத்தானோ ஜிப்போ இல்லை. சுற்றி இடுப்பில் முடிச்சுப் போட வேண்டியதுதான். புடவை கட்டத் தெரிந்தவர்களுக்கு இதில் வியக்க ஒன்றுமில்லை. கண்ணாடி உருண்டை மட்டும் டிஸ்கோவின் கண்டுபிடிப்பு அல்ல. சின்சினாட்டியைச் சேர்ந்த லூயி வோஸ்ட் 1917இலேயே அதற்குக் காப்புரிமை பெற்றிருந்தார்.

கதவு மூடிய கதை

1977 ஏப்ரல் 26 அன்று ஸ்டீவ் ருபெல், இயன் ஷ்ரேகர் இருவரும் நியூயார்க்கில் ‘ஸ்டூடியோ 54’ஐத் திறந்தனர். 1927இல் இசைநாடக அரங்காகக் கட்டப்பட்டு, பிறகு சிபிஎஸ் நிறுவனத்தின் ஒலி, ஒளிபரப்புக் கூடமாக இருந்த இடம் அது. மேடை விளக்குகளும் திரைகளும் ஆட்டக்களத்துக்கே இறங்கிவந்தன. ஆண்டி வார்ஹோல், லைசா மினெல்லி, பியான்கா ஜாகர் என்று பிரபலங்கள் குவிந்தார்கள். வெளியே கயிற்றுக்கு அந்தப் பக்கம் நிற்கும் கூட்டத்தில் யாரை உள்ளே விடுவது என்று ருபெல் விரல் நீட்டித் தேர்ந்தெடுப்பார். விலக்கப்பட்டவர்கள் உருவாக்கிய இசைக்கு, விலக்குவதையே கவர்ச்சியாக்கிய விடுதி அடையாளமாகிப்போனது. 1977 டிசம்பர் 31 இரவில் அப்படித் திருப்பி அனுப்பப்பட்டவர்களில் ‘ஷீக்’ குழுவின் நைல் ராட்ஜர்ஸும் பெர்னார்ட் எட்வர்ட்ஸும் உண்டு. வீட்டுக்குப் போய் ஆத்திரத்தில் வசையாகத் தொடங்கிய பாட்டுதான் சொல் மாறி ‘லெ ஃப்ரீக்’ (1978) ஆனது, முதலிடமும் பிடித்தது.

1977 டிசம்பரில் ஜான் டிரவோல்டா நடித்த ‘சாட்டர்டே நைட் ஃபீவர்’ வெளிவந்தது. அவருடைய வெள்ளை பாலியஸ்டர் சூட் பிரத்யேகமாகத் தைத்தது அல்ல, கடையில் தொங்கிய ஆயத்த உடை. படத்துக்கு மூலமான பத்திரிகைக் கட்டுரை பெரும்பாலும் தம் கற்பனையே என்று அதை எழுதிய நிக் கோன் பின்னாளில் ஒப்புக்கொண்டார். பீ ஜீஸ் குழுவின் பாட்டுகள் நிறைந்த இசைத்தொகுப்பு அமெரிக்காவில் 24 வாரம் முதலிடத்தில் இருந்தது. அதன்பின் ராக் பாடகர்களும் ஹாலிவுட் முதியவர்களும் டிஸ்கோத் தட்டு வெளியிட்டார்கள். திகட்டல் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

1979 ஜூலை 12 அன்று சிகாகோவின் காமிஸ்கி பார்க் பேஸ்பால் மைதானத்தில், வானொலி அறிவிப்பாளர் ஸ்டீவ் டால் டிஸ்கோத் தட்டுகள் நிரம்பிய பெட்டியை வெடிவைத்துத் தகர்த்தார். ஒரு தட்டு கொண்டுவந்தால் நுழைவு 98 சென்ட். சுமார் 50,000 பேர் வந்தார்கள். அவர்கள் களத்தில் புகுந்து நாசம் செய்ததால், அன்று அடுத்தடுத்து நடக்கவிருந்த இரண்டு பேஸ்பால் ஆட்டங்களில் இரண்டாவது நடக்கவே இல்லை. அங்கே இருக்கை காட்டும் வேலையில் இருந்த வின்ஸ் லாரன்ஸ் என்ற கறுப்பின இளைஞர், குவிந்த தட்டுகளில் டிஸ்கோவே அல்லாத கறுப்பினக் கலைஞர்களின் தட்டுகளும் கிடந்ததைப் பின்னாளில் நினைவுகூர்ந்தார். சலிப்பு மட்டும் அல்ல, வெறுப்பும் அந்த வெடியில் இருந்தது. 1980இல் கிராமி விருதுகளில் டிஸ்கோவுக்கென்று ஒரு பிரிவு வைத்து, குளோரியா கெய்னரின் ‘ஐ வில் சர்வைவ்’ பாட்டுக்குக் கொடுத்தார்கள். மறு ஆண்டே அந்தப் பிரிவை எடுத்துவிட்டார்கள்.

பெயர்தான் போயிற்று. சிகாகோவின் ‘வேர்ஹவுஸ்’ விடுதியில் ஃபிராங்கி நக்கிள்ஸ் தட்டுகளைச் சுழற்றிக்கொண்டே இருந்தார். அங்கிருந்து ‘ஹவுஸ்’ இசை கிளைத்தது. அந்த இசையின் முதல் தட்டாகப் பலரும் எண்ணும் ‘ஆன் அண்ட் ஆன்’ (1984) உருவானதில் வின்ஸ் லாரன்ஸுக்கும் பங்கு உண்டு.

அமெரிக்கா கைவிட்ட நேரத்தில் இந்தியா எடுத்துக்கொண்டது. பெங்களூரில் பிறந்து லண்டனில் இசையமைத்த பித்து, நாசியா ஹசனைப் பாடவைத்த பாட்டு ‘குர்பானி’ (1980) படத்தில் வந்தது. பப்பி லஹிரி இசையில் மிதுன் சக்கரவர்த்தி ஆடிய ‘டிஸ்கோ டான்சர்’ 1982இல் வெளியாகி, சோவியத் நாட்டிலும் கொடிகட்டிப் பறந்தது. தமிழில் அது ஆனந்த்பாபு நடிக்க ‘பாடும் வானம்பாடி’ (1985) ஆயிற்று. இளையராஜா ‘சகலகலா வல்லவன்’ (1982) படத்துக்கு அமைத்த புத்தாண்டுப் பாட்டு இன்றும் டிசம்பர் 31 நள்ளிரவில் ஒலிக்கிறது.

ருபெலும் ஷ்ரேகரும் வரி ஏய்ப்புக் குற்றத்துக்காக 1980இல் சிறை சென்றார்கள். ஸ்டூடியோ 54 இருந்த கட்டிடம் 1998இல் மீண்டும் நாடக அரங்கானது. இப்போது டிக்கெட் வாங்கிய எவரும் உள்ளே போகலாம்.