அம்பாங் என்றால் அணை: கிள்ளான் பள்ளத்தாக்கின் ஊர்ப்பெயர்களில் நீரின் வரலாறு

கோலாலம்பூரின் வரலாற்றை நாம் 1857இல் தொடங்கிப் பழகிவிட்டோம். கிள்ளானை ஆண்ட இராஜா அப்துல்லா அனுப்பிய 87 சீனத் தொழிலாளர்கள் ஆற்றின் வழியே மேலேறி வந்தனர். கோம்பாக்கு ஆறும் கிள்ளான் ஆறும் கூடும் சேற்றுக்கரையில் இறங்கிக் காட்டுவழி நடந்து, அம்பாங்கில் ஈயம் தேடினர். இச்செய்தி ஆசிரியர்கள் அனைவரும் அறிந்ததே. அம்பாங் என்னும் பெயரின் பொருளை மட்டும் நாம் கேட்பதில்லை.

மலாய் மொழியில் அச்சொல் நீரைத் தடுத்து நிறுத்துவதைக் குறிக்கும், அதாவது அணை. ஈயம் மண்ணோடும் மணலோடும் கலந்து கிடப்பது. அதை அலசிப் பிரிக்க ஓடும் நீர் வேண்டும். அந்நீருக்காக ஓடைகளின் குறுக்கே தடுப்புகள் எழுந்தன. ஆகவே, இப்பள்ளத்தாக்கில் நகரத்துக்கு முன்னரே நீர்த்தேக்கம் வந்துவிட்டது என்று ஊர்ப்பெயரே சான்று பகர்கிறது.

இத்தேக்கத்தைத் தமிழகத்து ஏரியோடு ஒப்பிட்டால் வேறுபாடு புலப்படும். ஏரி மழைநீரைக் காத்து மதகு வழியே வயலுக்கு அனுப்பும். மிகுநீர் கலிங்கில் வழிந்தோடும். சுரங்க அணையின் நீரோ மண்ணைக் கரைத்துக்கொண்டு ஆற்றில் இறங்கியது. ஈயச் சுரங்கத்தை இந்நாட்டுத் தமிழர் ‘லம்பம்’ என்றனர். அது ‘லொம்போங்’ என்னும் மலாய்ச்சொல்லின் திரிபு. லம்பங்கள் கழித்த மணல் ஆற்றுப்படுகையில் படிந்தது. படுகை மேடாக, வெள்ளம் எளிதில் கரைகடந்தது. நகரின் வெள்ளத்துக்கு மழையை மட்டும் குறைகூறுவது முறையன்று என்பது என் கருத்து.

‘கோலா’ என்பது ஆறு கூடுமிடத்தையும் கழிமுகத்தையும் சுட்டும். ‘லும்பூர்’ என்பது சேறு. நம் செவிக்கு அதில் ‘ஊர்’ கேட்பது ஒலியின் விளையாட்டே. இன்னொன்றும் கவனிக்கத்தக்கது: தமிழில் ஙகர மெய் சொல்லிறுதியில் வாராது. எனவே ‘கெலாங்’ கிள்ளான் ஆயிற்று; ‘பினாங்’ உகரம் பெற்றுப் பினாங்கு ஆயிற்று. அம்பாங் மட்டும் இலக்கணத்துக்கு இணங்காமல் அப்படியே நிற்கிறது.

1881ஆம் ஆண்டில் கோலாலம்பூரைத் தீயும் வெள்ளமும் அடுத்தடுத்துத் தாக்கின. மரமும் அத்தாப்பும் கொண்ட வீடுகளுக்கு மாற்றாகச் செங்கல் வீடுகள் வேண்டும் என்னும் ஆணை பின்னர்ப் பிறந்தது. ஆற்றுக்கு அண்மையில் சூளைகள் எழுந்த நிலமே பிரிக்பீல்ட்ஸ். 1886இல் கோலாலம்பூரிலிருந்து கிள்ளானுக்கு எதிர்க்கரையான புக்கிட் கூடா வரை இருப்புப்பாதை திறக்கப்பட்டது. இரயில்வே ஊழியர் குடியிருப்புகள் பெருகப் பெருக, இந்தியத் தமிழரும் யாழ்ப்பாணத் தமிழரும் செங்கற்சூளையின் பெயரால் வழங்கிய அந்நிலத்தில் வேரூன்றினர்.

ஆற்றின் மேற்பகுதிக்கு வருவோம். உலு கிள்ளானில் ஏறத்தாழ 14 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு படிகக்கல் (குவார்ட்ஸ்) முகடு கிடக்கிறது; அதன் ஒரு பகுதியே புக்கிட் தாபூர். மென்பாறை அரித்துப்போக, வன்மையான படிகக்கல் மட்டும் சுவர்போல் எஞ்சியது. அச்சுவரை ஆறு ஊடறுத்த இடைவெளியையே ஆங்கிலேயர் ‘கேட்ஸ்’ என்றனர். தமிழில் ‘வாயில்’ என்றே சொல்லலாம். ஆற்றுவாய், வாய்க்கால், கணவாய் என நீரும் மலையும் திறக்குமிடமெல்லாம் நமக்கு வாய்தானே! 1958இல் அவ்வாயிலை ஓர் அணை அடைத்தது. பெருகிவந்த நகருக்குக் குடிநீர் வழங்குவதே அதன் முதல் நோக்கம். 1971 சனவரிப் பெருவெள்ளத்துக்குப் பின் வெள்ளத்தடுப்பும் அணைகளின் பணியாயிற்று. 1987இல் நிறைவுற்ற பத்து அணைக்கு இரு பணிகளும் உண்டு.

கழிமுகத்தில் நீர் வேறொரு கணக்கைக் கேட்டது. 1901இல் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறந்த சில வாரங்களிலேயே மலேரியாக் காய்ச்சல் தொழிலாளரை வீழ்த்தியது. மருத்துவர் மால்கம் வாட்சன் சதுப்பு நீரை வடியவைத்து நோயை அடக்கினார். மேட்டில் நீரைத் தேக்கிப் பிழைத்த பள்ளத்தாக்கு, கடற்கரையில் அதை வடித்துப் பிழைத்தது. தோட்டங்களுக்குப் பெயர்ந்த தமிழர் பலர் கால்வைத்தது அக்கரையில்தான். 1972இல் சுவெட்டன்ஹாமின் பெயர் நீங்கி, அத்துறைமுகம் ஆற்றின் பெயரையே பெற்றது.