வெளிப்புற விறகுக் கொதிகலன்

வெளிப்புற விறகுக் கொதிகலன் என்பது, வீட்டிலிருந்து சற்றுத் தொலைவில் சிறு கொட்டகைபோல் நிறுவப்பட்டு, விறகின் அனலால் நீரைச் சூடாக்கி, அந்நீரை மண்ணுள் பதித்த குழாய்களின் வழியே செலுத்திக் குளிர்காலத்தில் வீட்டறைகளை வெதுவெதுப்பாக வைத்திருக்கும் சாதனமாகும். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வட மாநிலங்களாகிய விஸ்கான்சின், மினசோட்டா, மிச்சிகன், வெர்மான்ட், நியூயார்க் முதலியவற்றிலும், கனடாவிலும், சொந்தமாகச் சிறிது காட்டுநிலம் உடைய கிராமவாசிகளே இதனை மிகுதியாக உபயோகிக்கின்றனர். புகையும் சாம்பலும் தீவிபத்து அச்சமும் வீட்டுக்கு வெளியிலேயே நின்றுவிடுவது இதன் அனுகூலம். விறகை அளவுக்கு மீறி விழுங்குவது இதன்மேல் பொதுவாகச் சொல்லப்படும் குறை. அக்குறையில் பெரும்பகுதி கொதிகலனைச் சார்ந்ததன்று. விறகைச் சேகரித்துக் காயவைக்கும் முறையையும், தீயை ஆளும் முறையையும் சார்ந்தது.

எஃகினாலான தீயறையைச் சூழ்ந்து நீருறை ஒன்று அமைந்திருக்கும். நீரின் உஷ்ணம், பெரும்பாலும் 80 பாகை செல்சியஸை ஒட்டிக் குறிக்கப்படும் அளவை எட்டியதும், கட்டுப்பாட்டுக் கருவி காற்று வாயிலை மூடிவிடும். உஷ்ணம் தாழ்ந்ததும் மீண்டும் திறக்கும். பழைய அமைப்புகளின் தோஷம் இங்கேதான் தொடங்குகிறது. காற்று மறுக்கப்பட்ட விறகு அணைந்துவிடுவதில்லை. மணிக்கணக்கில் கனன்று புகைகிறது. விறகின் சக்தியில் பெரும்பங்கு அதிலிருந்து வெளிப்படும் வாயுக்களில் இருப்பதாலும், அவ்வாயுக்கள் முற்றும் எரிவதற்கு ஏறத்தாழ 600 பாகை உஷ்ணம் தேவைப்படுவதாலும், நீரால் சூழப்பட்டுக் குளிர்ந்திருக்கும் தீயறையில் அவை எரியாமலே புகைபோக்கி வழியே வெளியேறுகின்றன; எஞ்சியவை சுவர்களில் கிரியோசோட் என்னும் கரிய பிசினாகப் படிகின்றன. ஆதலால், மிதமான குளிருள்ள நாட்களில் தீயறையை நிரம்பத் திணிப்பது சிக்கனமன்று. அடுத்த முறை விறகிடும் வேளைக்குள் எரிந்து தீரும் அளவே இட்டு, தீயை உயிரோடு எரியவிடுவதே சிக்கனம்.

ஈரத்தின் கதை இதனினும் முக்கியமானது. புதிதாக வெட்டிய மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி நீராகவே இருத்தல் கூடும். பத்துக் கிலோ பச்சை விறகில் ஐந்து கிலோ நீர் இருப்பின், கொதிநிலையை அடைந்த அந்நீரை ஆவியாக்குவதற்கு மட்டும், கிலோவுக்கு 540 கிலோகலோரி வீதம், 2,700 கிலோகலோரி செலவாகிறது. இந்த நஷ்டமே பெரிதெனத் தோன்றலாம். ஆயினும், ஈரத்தால் குளிர்ந்த தீ வாயுக்களை எரிக்கும் வல்லமையை இழப்பதே மெய்யான நஷ்டம். விறகைப் பிளந்து, காற்றோட்டம் உள்ள இடத்தில் தரையில் படாமல் அடுக்கி, மேற்புறத்தை மட்டும் மூடிவைத்தால், பல மரங்கள் ஓராண்டில் 20 விழுக்காட்டு ஈரத்துக்கு இறங்கும். ஓக் மரத்துக்கோ இரண்டு கோடைகளேனும் வேண்டும். இவ்வாண்டு எரிக்கும் விறகைச் சென்ற ஆண்டோ அதற்கு முன்னரோ பிளந்து வைத்தவனே இக்கொதிகலனை ஆளத் தெரிந்தவன்.

அந்நாடுகளில் விறகைக் 'கார்டு' என்னும் அளவால் கணக்கிடுவர். நான்கடி அகலமும் நான்கடி உயரமும் எட்டடி நீளமுமாக அடுக்கிய 128 கன அடியே ஒரு கார்டு. எடைக்கு எடை எல்லா உலர்ந்த மரங்களும் ஏறத்தாழ ஒத்த வெப்பமே தருமெனினும், அடர்த்தி வேறுபடுவதால், ஒரு கார்டு ஓக் விறகு ஒரு கார்டு வெண்பைன் விறகைப்போல் ஒன்றரை மடங்குக்கு மேல் வெப்பம் தரும். ஆகவே பைன், பாப்லார் போன்றவற்றை இலையுதிர்காலத்துக்கும் வசந்தத்துக்கும் ஒதுக்கி, ஓக், மேப்பிள் ஆகியவற்றைக் கடுங்குளிர் இரவுகளுக்குக் காத்துவைப்பது விவேகம். பிப்ரவரி 2 ஆம் நாளில் பாதி விறகேனும் எஞ்சியிருத்தல் வேண்டும் என்பது நியூ இங்கிலாந்து உழவர்களின் பழங்கணக்கு. நாட்கள் நீளத் தொடங்கிவிட்டதை நம்பி ஏமாறாதிருக்க அது உதவிற்று.

குழாய்ப் பாதையில் நிகழும் விரயமும் சிறிதன்று. பனி மூடிய நிலத்தில் கொதிகலனிலிருந்து வீடு வரை ஒரு கோடாகப் பனி உருகியிருந்தால், குழாயின் உறை நனைந்து விறகு மண்ணைச் சூடாக்கிக்கொண்டிருக்கிறது என்பது கண்கூடு. வீட்டிலிருந்து திரும்பும் நீர் 60 பாகைக்குக் கீழே குளிர்ந்துவிட்டால், தீயறைச் சுவரில் ஈரம் கசிந்து எஃகை அரிக்கும்.

தாழ்ந்த புகைபோக்கியிலிருந்து தரையோடு படரும் புகை அண்டை வீட்டாருக்குப் பெருந்துன்பமாயிற்று. வெர்மான்ட் மாநிலம் 1997 இல், அண்டை வீட்டுக்கு 200 அடிக்குக் குறைந்த தொலைவில் இவற்றை நிறுவுவதைக் கட்டுப்படுத்தியது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் 2015 இல் புதிய கொதிகலன்களுக்குப் புகை வரம்பு விதித்து, 2020 மே முதல் அதனை மேலும் இறுக்கியது. வாயுக்களைத் தனியறையில் மிகுந்த உஷ்ணத்தில் எரிக்கும் புதிய அமைப்புகள் இவ்வாறு பரவலாயின. பழையனவற்றை வைத்திருப்போர், குளிக்கும் வெந்நீருக்காக மட்டும் கோடையிலும் அவற்றைக் கனலவிடும் வழக்கத்தைக் கைவிட்டாலே, ஆண்டுதோறும் கணிசமான விறகு மிஞ்சும்.